கார்பரேட்டரைக் கழற்றும் முன்: பழைய கார்களின் பெட்ரோல் கோளாறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு ஜெலுத்தோங்கில் அப்பா நடத்திய பட்டறையில் திருப்புளி பிடிக்கக் கற்றுக்கொண்டவன் நான். பட்டறை இப்போது இல்லை. அவர் ஓட்டிய மோரிஸ் மைனர் 1000 என்னிடம் இருக்கிறது. கோயில் வாசலோ கல்யாண மண்டபமோ, அதை எங்கே நிறுத்தினாலும் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து, பானெட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் தன் காரின் நோவைச் சொல்லத் தொடங்குவார். பினாங்குத் தீவிலும் பட்டர்வொர்த், பிறை பக்கமும் இப்படிக் கேட்டவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைத் தருகிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

கார்பரேட்டர் என்னதான் செய்கிறது அண்ணே? இந்தக் காலத்துக் கார்களில் ஏன் அது இல்லை?

எஞ்சின் மூச்சிழுக்கும்போது காற்று ஒரு குறுகிய தொண்டை வழியாக வேகமாகப் போகிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். அந்தக் குறைந்த அழுத்தம் பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலைச் சிறு துளை வழியாக உறிஞ்சித் துளித்துளியாகக் காற்றில் கலக்கிறது. அந்தத் துளைதான் ஜெட். கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டம் மாறாமல் காப்பது மிதவையும் அதன் ஊசி வால்வும். எடைக் கணக்கில் பெட்ரோல் ஒரு பங்கென்றால் காற்று ஏறத்தாழ 14.7 பங்கு இருப்பது முழுமையாக எரியும் கலவை. இன்றைய கார்களில் கணினி இந்த அளவைப் பார்த்துக்கொள்கிறது. பழைய காரில் துளையின் அளவும் மிதவையின் உயரமும்தான் கணக்குப்பிள்ளை.

உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வோக்ஸ்வேகன் பீட்டலின் சோலெக்ஸ், டாட்சன் 120ஒய்யின் ஹிட்டாச்சி போன்றவற்றில் ஜெட் அளவு மாறாது. மைனர், மினி போன்ற பிரிட்டிஷ் கார்களின் எஸ்யூவிலும், பழைய மெர்சிடிஸ் 200இல் வரும் ஸ்டிராம்பெர்கிலும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போய்த் துளையின் அளவை மாற்றிக்கொண்டே இருக்கும். கீழே வரும் சில பதில்கள் இந்த இரண்டு வகைக்கும் வேறுபடும்.

வண்டி சரியாக ஓடவில்லை என்றால் முதலில் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவிவிடலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். கார்பரேட்டர்மேல் பழி விழுந்த கார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பலவற்றில் தவறு வேறெங்கோ இருந்தது: தேய்ந்த பாய்ண்ட் (தீப்பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் முனை), அதோடு சேர்ந்த செத்துப்போகும் கண்டென்சர், அடைத்த ஃபில்டர், துருப்பிடித்த டேங்க், வெடித்த வேக்குவம் குழாய் (எஞ்சினின் உறிஞ்சும் அழுத்தத்தைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்). நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டியில் யாரும் தொடாத திருகு ஒரே இரவில் தானாகத் திரும்பாது.

என் வரிசை இது. முதலில் தீப்பொறி: பிளக், பாய்ண்ட் இடைவெளி, டைமிங் (தீப்பொறி விழும் நேரம்). அடுத்தது பெட்ரோல் வந்து சேருகிறதா என்பது: டேங்க், குழாய், ஃபில்டர், பம்ப். அதன்பின் காற்று எங்காவது திருட்டுத்தனமாக நுழைகிறதா என்று பார்ப்பேன். இவை மூன்றும் சரி என்று கண்ணால் கண்ட பிறகுதான் கார்பரேட்டரில் கை வைப்பேன். கை வைக்கும்போதும் ஒவ்வொரு திருகும் எத்தனை சுற்று வெளியே இருந்தது என்று தாளில் குறித்துக்கொள்வேன். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்பது தெரியாமலே போகும்.

பிளக்கைப் பார்த்தால் தெரியும் என்கிறார்களே, என்ன தெரியும்?

பத்து இருபது கிலோமீட்டர் ஓடிய வண்டியை நிறுத்தி, சூடு ஆறியதும் பிளக்கைக் கழற்றுங்கள். வெண்ணிறப் பீங்கான் முனை பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் கலவை சரி. உலர்ந்த கரிப்பொடி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுந்த கலவை. சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் காற்று மிகுந்த கலவை. ஈரமாகப் பளபளக்கும் கறுப்பு எஞ்சின் எண்ணெய். அது பிஸ்டன் வளையம், வால்வு சம்பந்தப்பட்டது, கார்பரேட்டருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நான்கு பிளக்குகளில் ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் அந்த சிலிண்டருக்குப் பக்கத்து காஸ்கெட்டில் (இரண்டு பாகங்களுக்கு நடுவே காற்றுப் புகாமல் வைக்கும் தகடு) காற்று நுழைகிறதா என்று பாருங்கள். ஒரே கார்பரேட்டர் நான்கு சிலிண்டருக்கும் கலவை தரும்போது ஒன்றை மட்டும் அது பட்டினி போடுவது அரிது.

ரோன் 95 போதுமா, 97 ஊற்ற வேண்டுமா? பழைய வண்டிக்கு நல்லதை ஊற்றலாம் என்று பார்க்கிறேன்.

ரோன் என்பது பெட்ரோல் தன்னிச்சையாக வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு. அதில் கூடுதல் சக்தி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. 1098 சிசி மைனரின் அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 8.5. பீட்டலுக்கு அதைவிடவும் குறைவு. இவற்றுக்கு 95 தாராளமாகப் போதும். ஏற்றத்தில் கோலிக்குண்டு உருட்டுவதுபோல் சத்தம் கேட்டால் 97க்கு ஓடாமல் முதலில் டைமிங்கைச் சரிபாருங்கள். சரியான டைமிங்கிலும் சத்தம் தொடர்ந்தால் எஞ்சினுக்குள் கரி சேர்ந்திருக்கலாம்.

ஈயம் இல்லாத பெட்ரோல் பழைய எஞ்சினைத் தின்றுவிடும் என்கிறார்கள், உண்மையா?

பாதி உண்மை. பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் வெளியேற்று வால்வு உட்காரும் வளையத்துக்கு ஒரு மெத்தைபோல் இருந்தது. 1990களில் நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் படிப்படியாக மறைந்தபோது, எஞ்சினின் வார்ப்பிரும்புத் தலையிலேயே (சிலிண்டர் ஹெட்) கடைந்த வால்வு இருக்கைகள் கொண்ட மைனர், மினி போன்றவை கவலைக்கு உள்ளாயின. நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் அதிவேகமாக ஓட்டினால் அந்த இருக்கை மெல்ல அமிழ்ந்து வால்வு இடைவெளி குறையும். ஞாயிற்றுக்கிழமை எஸ்பிளனேட் வரை போய்வருபவர்களுக்கு இது பெரிய ஆபத்தில்லை. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வு இடைவெளியை அளந்து குறித்து வையுங்கள். அது தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால், தலையைக் கழற்றும் அடுத்த சந்தர்ப்பத்தில் கடினமான இருக்கை வளையம் பொருத்திவிடலாம். பீட்டலின் அலுமினியத் தலையில் எஃகு வளையம் ஏற்கனவே இருக்கிறது.

மூன்று வாரம் வெளியூர் போய் வந்தேன். வண்டி ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது.

நம் வெப்பத்தில் கார்பரேட்டர் கிண்ணத்து பெட்ரோல் சில வாரங்களில் ஆவியாகிவிடும். எஞ்சினோடு சேர்ந்து இயங்கும் இயந்திரப் பம்ப் உள்ள காரில், கிண்ணம் மறுபடி நிறைய நீங்கள் ஸ்டார்ட்டரைப் பல விநாடிகள் சுழற்ற வேண்டியிருக்கும். பத்து விநாடி சுழற்றுங்கள், அரை நிமிடம் ஓய்வு கொடுங்கள், மறுபடி சுழற்றுங்கள். மின்பம்ப் உள்ள கார் என்றால் சாவியைத் திருப்பி, டிக் டிக் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தால் போதும்.

கார்பரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றி ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எஞ்சின் ஒருமுறை பின்னடித்தால் நெருப்பு அதே வாய் வழியாக உங்கள் முகத்துக்கு வரும். ஊற்றும் புட்டி கையில் இருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பல மாதங்கள் நின்ற வண்டியானால் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பழைய வார்னிஷ் வாடை வந்தால் அந்தப் பெட்ரோலை எஞ்சினுக்குள் விடாதீர்கள். முழுவதையும் இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். பழுப்புப் பசைபோல் படிந்த அதன் மிச்சம்தான் ஜெட்டை அடைக்கிறது.

இங்கே குளிரே இல்லையே, சோக் எதற்கு? என் மெக்கானிக் கழற்றியே போட்டுவிட்டார்.

திரும்பப் பொருத்தச் சொல்லுங்கள். காலையில் இங்கே 24, 25 டிகிரி இருந்தாலும் எஞ்சின் இரும்பு பெட்ரோலுக்குக் குளிர்ச்சிதான். தெளித்த பெட்ரோலில் ஒரு பகுதி மேனிஃபோல்ட் (கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்) சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். கலவையில் பெட்ரோலைக் கூட்டி அந்த இழப்பை ஈடுகட்டத்தான் சோக். நம் ஊரில் ஒரு நிமிடம் போதும், பிறகு அதன் குமிழை உள்ளே தள்ளிவிடுங்கள். தள்ள மறந்து ஓட்டினால் கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும். தானியங்கி சோக் உள்ள கார் சூடான பிறகும் கரும்புகை விட்டால், அதன் தகடு மூடிய நிலையில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

காருக்குள் பெட்ரோல் வாடை வருகிறது. பழைய கார் என்றால் அப்படித்தானே இருக்கும்?

இல்லை ஐயா. நன்றாக இருக்கும் பழைய காரில் பெட்ரோல் வாடை வராது. வாடை வந்தால் அன்றைக்கு அந்த வண்டியை எடுக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தவழ்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும், ஒரு சிறு பொறிக்காகக் காத்திருக்கும்.

ரப்பர் குழாய்களில் தொடங்குங்கள். துணி பின்னிய பழைய குழாய் வெளியே புதிதுபோலவே இருக்கும். இரண்டு விரலால் வளைத்துப் பாருங்கள், உள்ளே மயிரிழை வெடிப்புகள் வாய் திறக்கும். முனையில் கிள்ளினால் பிசுபிசுவென்று ஒட்டினாலும், உலர்ந்த இலைபோல் மொறுமொறுத்தாலும் அதன் காலம் முடிந்தது. பீட்டல் வைத்திருப்பவர்கள் மேலும் இரண்டு இடம் பார்க்க வேண்டும். பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழல் கார்பரேட்டர் உடலிலிருந்து தளர்ந்து கழன்றுவிடுவதுண்டு. அதற்கு நேர் கீழே சூடான எஞ்சின் இருக்கிறது. இரும்புக் குழாய் எஞ்சின் தகட்டைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் தகடு குழாயை அறுத்துவிடும். அந்த வண்டிகள் தீப்பிடித்த கதைகள் பலவற்றின் தொடக்கம் இந்த இரண்டில் ஒன்றுதான். எல்லா ரப்பர் குழாயையும் கிளிப்பையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். ஓட்டுநர் இருக்கை அருகே கை எட்டும் இடத்தில் உலர்தூள் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். சாமான் பெட்டிக்குள் பூட்டி வைத்தது உதவாது.

நெரிசலில் சூடேறியதும் எஞ்சின் நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. ஆவி அடைப்புதானே?

இருக்கலாம். ஆனால் இதே அறிகுறியை மூன்று நோய்கள் காட்டும். ஒன்று, நீங்கள் சொல்லும் ஆவி அடைப்பு: பெட்ரோலின் இலகுவான பகுதி 40 டிகிரிக்கு அருகிலேயே கொதிக்கத் தொடங்கும். நெரிசலில் பானெட்டுக்குக் கீழே சூடு அதைவிட வெகுவாக ஏறும். குழாயில் குமிழி உண்டானால் பம்ப் ஆவியைத்தான் இழுக்கும், பெட்ரோல் வராது. இரண்டு, டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருப்பது: பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி வரத்து நின்றுவிடும். மூன்று, பெட்ரோலுக்குச் சம்பந்தமே இல்லாதது. தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலோ, கண்டென்சரோ சூட்டில் செத்து, ஆறியதும் பிழைப்பது.

எது என்பதை நின்ற அந்த நிமிடத்தில்தான் கண்டுபிடிக்க முடியும். அரைமணி கழித்துப் பட்டறைக்குப் போனால் வண்டி நல்ல பிள்ளையாக ஓடிக்காட்டும். பாதுகாப்பாக ஓரம் கட்டியதும் டேங்க் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டால் விடை கிடைத்துவிட்டது. இல்லையென்றால் காற்று ஃபில்டரைக் கழற்றிக் கார்பரேட்டர் தொண்டைக்குள் பார்த்தபடி, த்ராட்டில் நெம்புகோலை (ஆக்சிலேட்டரை மிதித்தால் அசைவது) கையால் அசையுங்கள். சோலெக்ஸ், ஹிட்டாச்சி வகையில் பெட்ரோல் மெல்லிய கம்பியாகப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லை என்றால் கிண்ணம் காலி, பெட்ரோல் வரவில்லை. பீய்ச்சினால் பெட்ரோல் இருக்கிறது. ஃபில்டரைத் திரும்பப் பொருத்தி, ஆவி கலையச் சற்றுப் பொறுத்துவிட்டுத் தீப்பொறி பக்கம் போங்கள்.

ஒரு தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் என் மைனர் இப்படி நின்றது. பின் இருக்கையில் அம்மா மடியில் பால்குடத்தோடு உட்கார்ந்திருந்தார். ஆவி அடைப்பு என்று முடிவுகட்டி பம்ப்மேல் ஈரத்துணி போட்டேன். இருபது நிமிடத்தில் ஓடியது, நூறடி போய் மறுபடி நின்றது. அந்த மாதத்தில் இரண்டுமுறை கார்பரேட்டரைக் கழுவியிருந்தேன். அப்போது தற்செயலாகக் கை காயில்மேல் பட்டது. விரல் வைக்க முடியாத சூடு, அடியில் எண்ணெய்க் கசிவு. காயிலை மாற்றிய பிறகு அந்தத் தொல்லை திரும்பவில்லை. அம்மா அன்று மீதி வழியைப் பால்குடத்தைத் தலையில் ஏந்தி நடந்தே போனார்.

உண்மையில் ஆவி அடைப்பாகவே இருந்தால், பெட்ரோல் குழாய் வெளியேற்றுக் குழாய்க்குப் பக்கத்தில் ஓடுகிறதா என்று பார்த்து விலக்கிக் கட்டுங்கள். பம்ப்புக்கும் எஞ்சினுக்கும் இடையிலும், கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையிலும் இருக்க வேண்டிய வெப்பந்தாங்கிக் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய கைகள் அதைக் கழற்றிவிட்டு வெறும் காகித காஸ்கெட் போட்டிருப்பது சாதாரணம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றும் இல்லை. கடைக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தால்தான் ஸ்டார்ட் ஆகாது.

இது முந்தைய பதிலில் சொன்னதற்கு நேர் எதிர்: பெட்ரோல் குறைவு அல்ல, மிகுதி. எஞ்சினை நிறுத்தியதும் விசிறியும் நிற்கும். இரும்பின் சூடு மேலே ஏறிக் கார்பரேட்டரைப் பிடிக்கும். கிண்ணத்து பெட்ரோல் கொதித்துப் பொங்கி மேனிஃபோல்டுக்குள் வழியும். ஆக்சிலேட்டரை மெல்ல முழுவதும் அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். திரும்பத் திரும்ப மிதிக்காதீர்கள், ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் பெட்ரோல் போகும். சோக்கைத் தொடவே வேண்டாம். நிறுத்தியதும் பானெட்டைக் கொஞ்சம் திறந்து வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

மைனரில் அந்த ‘டிக் டிக்’ சத்தம் எப்போது கவலைப்பட வேண்டியது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. எஸ்யூ மின்பம்ப் பேசும். அதன் மொழியைக் கற்றுக்கொண்டால் பாதி வைத்தியம் தெரிந்துவிடும். சாவியைத் திருப்பியதும் சில விநாடி வேகமாகத் தட்டி, மெதுவாகி, நின்றுவிட வேண்டும். கிண்ணம் நிறைந்தது, ஊசி வால்வு மூடியது என்று பொருள். நிற்காமல் படபடவென்று தட்டிக்கொண்டே இருந்தால் டேங்க் காலி, அல்லது டேங்குக்கும் பம்ப்புக்கும் இடையே எங்கோ காற்று இழுக்கிறது. எஞ்சின் ஓடாதபோது சில விநாடிக்கு ஒருமுறை ஒற்றைத் தட்டு கேட்டால், ஊசி வால்வு கசிகிறது அல்லது பம்ப்புக்குள் இருக்கும் வால்வு பெட்ரோலைத் திரும்ப விடுகிறது. கார்பரேட்டருக்கு வெளியே ஈரம் இருந்தால் முதலாவது.

சத்தமே இல்லையென்றால் உள்ளே இருக்கும் பாய்ண்ட் கரிந்திருக்கலாம். திருப்புளியின் கைப்பிடியால் பம்ப் உடலை ஒரு தட்டு தட்டினால் பிழைத்து வீடு சேர்க்கும். வீடு சேர்ந்த அன்றே பாய்ண்டைச் சுத்தம் செய்துவிடுங்கள். அடுத்த தடவை தட்டியும் எழாத இடம் பினாங்குப் பாலத்தின் நடுவாக இருக்கலாம்.

பழைய பம்ப் தொல்லை என்று புது மின்பம்ப் போட்டேன். இப்போது கார்பரேட்டர் நிரம்பி வழிகிறது.

கடையில் கிடைக்கும் பொது மின்பம்புகள் பல சதுர அங்குலத்துக்கு நான்கு முதல் ஏழு பவுண்ட் அழுத்தம் தரும். எஸ்யூவின் ஊசி வால்வு மூன்று பவுண்டுக்கு மேல் தாங்காது. மிதவை என்னதான் மேலே தள்ளினாலும் பெட்ரோல் வால்வைத் திறந்துகொண்டு வரும். அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் ஒன்று பொருத்துங்கள், அல்லது உங்கள் காருக்குரிய குறைந்த அழுத்தப் பம்ப் வாங்குங்கள். எஞ்சின் நின்றாலோ வண்டி மோதினாலோ பம்ப் தானாக நிற்கும்படி ஒரு துண்டிப்பு ஸ்விட்சும் அவசியம். அது இல்லாத மின்பம்ப் விபத்தில் பெட்ரோலை இறைத்துக்கொண்டே இருக்கும்.

பம்ப் மாற்றாமலே வழிந்தால் ஊசி வால்வில் துகள் சிக்கியிருக்கும், அல்லது மிதவை ஓட்டையாகியிருக்கும். பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் ஓட்டைதான். ஈயம் வைத்து அடைக்கலாம், ஆனால் கூடும் எடை பெட்ரோல் மட்டத்தை உயர்த்திவிடும். புதிது கிடைத்தால் அதுவே மேல்.

ஜெட் அடைத்திருக்கிறது. மெல்லிய கம்பியால் குத்தி எடுக்கலாமா?

கூடாது. ஜெட் மென்மையான பித்தளை. 1.00 மில்லிமீட்டர் துளை 1.05 ஆனால் அதன் பரப்பு பத்து விழுக்காடு கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல் உங்கள் கலவையை நிரந்தரமாக மாற்றிவிடும். கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றழுத்தத்தால் பின்புறமிருந்து ஊதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தூண்டில் நரம்பின் ஒரு துண்டு போதும், நைலான் பித்தளையைக் கீறாது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, துளை முழு வட்டமாகத் தெரிந்தால் சுத்தம்.

அடுத்த மாதம் மறுபடி அடைத்தால் ஜெட்டை விட்டுவிட்டு டேங்கைப் பாருங்கள். கடற்காற்றும் ஈரமும் உள்ள நம் தீவில் பாதி காலியாக நிற்கும் டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஒளிபுகும் ஃபில்டர் ஒன்றைப் பொருத்தினால் செந்துகள் அடியில் சேர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டேங்கை வெல்டிங் செய்ய யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். காலி டேங்க் என்பது ஆவி நிறைந்த டேங்க். முறையாகக் கழுவி ஆவி நீக்கும் வசதி உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள்.

120ஒய் கார்பரேட்டரில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறதே, அது எதற்கு?

மிதவைக் கிண்ணத்தின் பெட்ரோல் மட்டத்தைத் திறக்காமலே பார்ப்பதற்கு. சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போது பாருங்கள். மட்டம் குறியோடு ஒட்டி நிற்க வேண்டும். மேலே இருந்தால் முந்தைய பதில்களில் சொன்ன ஊசி வால்வும் மிதவையும், கீழே இருந்தால் பம்ப்பும் ஃபில்டரும். ஜன்னல் பழுப்பேறி ஒன்றும் தெரியாத நிலையில் இருந்தால் கிண்ணத்தின் உள்ளும் அதே பழுப்புதான்.

ஹாட்யாய்க்குக் காரிலேயே போகிறோம். அங்கே பெட்ரோல் ஊற்றினால் பிரச்சினையா?

தாய்லாந்து நிலையங்களில் பெரும்பாலும் விற்பது கேசோஹால். 91, 95 என்று எண்ணிட்ட கேசோஹாலில் பத்து விழுக்காடு எத்தனால் உண்டு. ஈ20, ஈ85 என்று எழுதியவற்றில் இன்னும் அதிகம். எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், டேங்கில் ஒட்டியிருந்த பழைய படிவைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும், காற்றின் ஈரத்தை உறிஞ்சும், கலவையைச் சற்றுக் காற்று மிகுந்ததாக்கும். ஒருமுறை பத்து விழுக்காடு ஊற்றியதால் எஞ்சின் அழிந்துவிடாது. ஆனால் ஈ20, ஈ85 பக்கம் போகவே கூடாது.

எளிய வழி இருக்கிறது. சங்லூனிலோ புக்கிட் காயு ஹீத்தாமிலோ டேங்கை நிரப்பிக்கொண்டு எல்லையைக் கடங்கள். அங்கிருந்து ஹாட்யாய் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மைனரின் முப்பது லிட்டருக்குச் சற்றுக் குறைந்த டேங்க்கூடப் போய்வரத் தாராளமாகப் போதும். அப்படியும் ஊற்ற நேர்ந்தால் திரும்பியதும் அதை ஓட்டித் தீர்த்துவிடுங்கள், மாதக்கணக்கில் டேங்கில் நிற்க விடாதீர்கள்.

கேமரன் மலையில் வண்டி மூச்சு வாங்குகிறது. கலவைத் திருகைத் திருப்பலாமா?

1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஜெட் அதே பெட்ரோலைத் தர, காற்று குறைய, கலவை பெட்ரோல் மிகுந்ததாகிறது. சற்றுத் தடுமாறுவது இயல்பு. திருகைத் தொடாதீர்கள். மேலே சரிசெய்த கலவையோடு சிம்பாங் பூலாய் இறங்கி நெடுஞ்சாலையில் ஓட்டினால், சமவெளியில் அது காற்று மிகுந்த கலவை. அதில் வெளியேற்று வால்வு கருகும்.

குளிர்சாதனத்தைப் போட்டால் சிக்னலில் எஞ்சின் நின்றுவிடுகிறது.

பிற்காலத்தில் பொருத்திய கம்ப்ரசர் எஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்த சுமை. அதை ஈடுகட்ட, குளிர்சாதனம் ஓடும்போது மட்டும் த்ராட்டிலைச் சற்றுத் திறக்கும் வேக்குவத்தில் இயங்கும் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) ஒன்று இருக்க வேண்டும். அதன் ரப்பர் குழாய் வெடித்திருக்கும் அல்லது கழன்றிருக்கும். அதைச் சரிசெய்யாமல் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) திருகை ஏற்றி வைத்தால் அடுத்த கேள்வியின் தொல்லை வரும்.

சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் குலுங்கிக் குலுங்கி ஓடுகிறதே?

தீப்பொறி இல்லாமலே உள்ளிருக்கும் சூடான கரியில் கலவை பற்றிக்கொள்கிறது. ஐடிலிங் வேகம் அதிகம், டைமிங் தவறு, பொருந்தாத பிளக், சேர்ந்த கரி என்ற வரிசையில் பாருங்கள். சோலெக்ஸ், ஹிட்டாச்சி பலவற்றில் சாவியை மூடியதும் ஐடிலிங் பெட்ரோலை வெட்டும் ஒரு சிறு மின்வால்வு உண்டு. சாவியைத் திருப்பும்போது அதிலிருந்து ‘க்ளிக்’ கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வயரைப் பாருங்கள். அதுவரை, பிரேக்கை அழுத்தி கியரில் வைத்து கிளட்சை மெல்ல விட்டு எஞ்சினை நிறுத்துங்கள்.

எஸ்யூவின் கலவை சரியா என்று கருவி இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

எஞ்சின் நன்றாகச் சூடேறட்டும். கார்பரேட்டரின் பக்கத்தில், அடியில் ஒரு சிறு ஊசி இருக்கும். அதை மேலே தள்ளினால் பிஸ்டன் உயரும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் மிகுதி. உடனே தளர்ந்து அணையப் பார்த்தால் காற்று மிகுதி. ஒரு கணம் கூடி, பழைய நிலைக்கே அடங்கினால் சரி. கீழே இருக்கும் ஆறுமுக நட்டை ஒருமுறைக்கு ஒரு முகம் மட்டும் திருப்புங்கள். கீழ்நோக்கிப் போனால் பெட்ரோல் கூடும். ஒவ்வொரு திருப்பலுக்குப் பின்னும் ஆக்சிலேட்டரை ஒருமுறை அழுத்திவிட்டு மறுபடி சோதியுங்கள்.

மிதித்ததும் வண்டி ஒரு கணம் தயங்கினால் மேல்மூடியின் தண்டைக் கழற்றி எண்ணெயைப் பாருங்கள். பிஸ்டனை மெல்ல எழச் செய்வது அந்த எண்ணெய்தான். எஸ்ஏஇ 20 எண்ணெய் போதும். ஸ்டிராம்பெர்கில் வண்டி திடீரென வேகமே எடுக்காமல் போனால் மேல்மூடிக்குக் கீழே இருக்கும் ரப்பர் டயஃப்ரம் கிழிந்திருக்கும். வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால் ஊசிமுனைக் கிழிசலும் தெரியும்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஐடிலிங் மட்டும் ஒருநாள்போல் ஒருநாள் இல்லை. புது நகல் கார்பரேட்டர் வாங்கிவிடவா?

வாங்குமுன் த்ராட்டில் தண்டை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஐம்பது ஆண்டு அசைந்து அசைந்து தண்டும் அது சுழலும் துளையும் தேய்ந்திருக்கும். அந்த இடைவெளியில் காற்று நுழையும். தண்டு இன்று ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், நாளை இன்னொரு பக்கம். எந்தத் திருகாலும் இதைச் சரிசெய்ய முடியாது. எஞ்சின் ஓடும்போது தண்டின் முனையில் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். ஓட்டம் மாறினால் அதுதான். கார்பரேட்டர் அடி காஸ்கெட்டையும் பிரேக் வேக்குவம் குழாயையும் இதே முறையில் சோதிக்கலாம்.

மலிவான நகல்களில் ஜெட் அளவு உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தும் என்ற உறுதி இல்லை. பழைய உடலைக் கடைசல்காரரிடம் கொடுத்தால் தேய்ந்த துளையைப் பெரிதாக்கிப் பித்தளைப் புஷ் பொருத்தி, புதுத் தண்டு போட்டுத் தருவார். பட்டர்வொர்த்திலும் புக்கிட் மெர்த்தாஜாமிலும் அந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். த்ராட்டில் தகட்டைப் பிடிக்கும் இரண்டு சிறு திருகுகளைத் திரும்பப் பூட்டியதும் அவற்றின் முனையை அகட்டி விட்டாரா என்று மட்டும் வாங்கும்போதே பாருங்கள். தளர்ந்து விழுந்தால் அவை போகும் இடம் எஞ்சினுக்குள்.